கூஃபுவின் படகைப் பார்க்கப் போகிறீர்களா? முதலில் கடலூர் துறைமுகத்துக்கு ஒரு நடை போய் வாருங்கள்

எகிப்துக்குப் போகிறோம், என்னென்ன பார்க்கலாம் என்று யாராவது போன் பண்ணிக் கேட்டால் நான் முதலில் சொல்வது படகைத்தான். பிரமிடு எப்படியும் கண்ணில் படும், அதைத் தேட வேண்டியதில்லை. டூட்டன்காமனின் தங்க முகமூடிக்கு உங்களைக் கூட்டமே தள்ளிக்கொண்டு போய்விடும். ஆனால் கூஃபு மன்னனுக்காகச் செய்து, அவனுடைய பெரிய பிரமிடுக்குப் பக்கத்திலேயே குழி வெட்டிப் புதைத்த 43 மீட்டர் நீள மரப்படகு இருக்கிறதே, அதைக் கடைசி அரை மணி நேரத்துக்குத் தள்ளிவிட்டு, கால் வலியோடு ஒரு சுற்றுச் சுற்றி, இரண்டு போட்டோ எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறார்கள். கடலூரிலும் புதுச்சேரியிலும் வளர்ந்தவர்கள் அப்படிச் செய்யக் கூடாது. அந்தப் படகின் உடம்பை ஆணி அடித்துச் சேர்க்கவில்லை, கயிற்றால் தைத்திருக்கிறார்கள். நம் கரையிலும் தாத்தா காலம் வரைக்கும் படகைத் தைத்துத்தான் அலையில் இறக்கினார்கள். 4,500 வருஷத்துக்கு முந்தைய அந்தத் தையலைப் பார்த்ததும் புரிந்துகொள்ளக் கூடிய கண் நம்மிடம் இருக்கிறது, அதைக் கொஞ்சம் தீட்டிக்கொண்டு போனால் போதும்.

நான் போனது என் தாய்மாமாவோடு. கடலூர் முதுநகரில் நாற்பது வருஷம் மரப்படகு கட்டிய ஆசாரி, இப்போது எழுபதைத் தாண்டிவிட்டார், அதுவரை விமானம் ஏறியதில்லை. பொங்கல் முடிந்த மறுவாரம் கிளம்பினோம். இங்கே எழுதுவதில் பாதி அவர் காட்டிக் கொடுத்துத்தான் எனக்குத் தெரியும்.

போவதற்கு முன்பு ஊரில் செய்ய வேண்டியது

ஒரு நாள் ஒதுக்கி கடலூர் முதுநகருக்குப் போங்கள். உப்பனாற்றங்கரையில் இப்போது கண்ணில் படுவதெல்லாம் ஃபைபர் படகுதான், இருந்தாலும் மரத்தில் லாஞ்சு கட்டிய ஆட்களும் பழுது பார்க்கிற ஆட்களும் இன்னும் அந்தப் பக்கம் இருக்கிறார்கள். கரையேற்றி வைத்திருக்கும் ஒரு மரப் படகுக்குப் பக்கத்தில் போய் நின்று, அதன் பாகங்களைப் பெயரோடு தெரிந்துகொள்ளுங்கள். முன்பக்கம் அணியம். அடியில் முதுகெலும்பு மாதிரி நீளமாக ஓடும் கட்டை ஏரா. அதிலிருந்து விலா எலும்பாக எழும்புவது வங்கு. திருப்புவதற்குச் சுக்கான். பலகைக்கும் பலகைக்கும் நடுவில் தண்ணீர் வராமல் இழை வைத்து அடைப்பது கலப்பத்து. இந்த ஐந்து சொல் போதும். கெய்ரோவில் போய் நிற்கும்போது உங்கள் கண் தானாக ஏராவையும் வங்கையும் தேடும், அப்படித் தேடி ஒன்று கிடைக்காமல் போகும்போதுதான் ஆர்வமே தொடங்கும்.

அப்புறம் வயதானவர்களிடம் மசூலா என்ற தைத்த படகைப் பற்றிக் கேளுங்கள். பெரிய கப்பல் வந்து நிற்க நம் கடற்கரையில் இயற்கையான துறைமுகம் கிடையாது. அலை வந்து கரையில் அறைகிற இடத்தில் ஆணி அடித்த விறைப்பான படகு இரண்டு மோதலில் பிளந்துவிடும். அதனால் பலகைகளின் விளிம்பில் துளை போட்டு, உள்பக்கம் நாரோ வைக்கோலோ திணித்து, தென்னை நார்க் கயிற்றால் இழுத்துத் தைத்தார்கள். தைத்த படகு வளைந்து கொடுக்கும், மோதினால் நெளியும், உடையாது. பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரியில் இருந்த காலத்தில் தூரத்தில் நங்கூரம் போட்ட கப்பலிலிருந்து சரக்கையும் ஆட்களையும் கரைக்குக் கொண்டுவந்தது இந்த வகைப் படகுதான், சலங்கு என்று அதற்குப் பெயர். கரைவலை இழுக்கவும் தைத்த படகுதான் ஓடியது. தையல் எப்படி இருந்தது, வருஷத்துக்கு எத்தனை தடவை பிரித்துத் தைத்தார்கள் என்று கேட்டுப் பாருங்கள், கேட்டால் கையை ஆட்டி ஆட்டிச் சொல்வார்கள். அந்தக் கை அசைவை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னும் ஒரு அரை நாள் இருந்தால் புதுச்சேரி அருங்காட்சியகத்துக்கும் அரிக்கமேட்டுக்கும் போங்கள். அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் 1945-இல் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் தோண்டிய இடம் அது. மத்தியதரைக் கடல் பக்கத்திலிருந்து மது வந்த ஜாடிகளின் உடைசல் அங்கே கிடைத்திருக்கிறது. இதற்கும் எகிப்துக்கும் என்ன சம்பந்தம் என்றால், அந்த வியாபாரத்துக்கான வழியே எகிப்தின் செங்கடல் துறைமுகங்கள்தான். அங்கே குசேர் அல் காதிம் என்ற பழைய துறைமுகத்தில் ஒரு பானை ஓட்டில் தமிழ் பிராமி எழுத்தில் "பானை ஒறி" என்று பொறித்திருப்பதைக் கல்வெட்டு அறிஞர் ஐராவதம் மகாதேவன் படித்துச் சொன்னார். உறியில் தொங்கவிட்ட பானை. நம்மூர் அடுப்படிச் சொல் ஒன்று செங்கடல் கரையில் கிடந்திருக்கிறது! ஒன்றை மட்டும் குழப்பிக்கொள்ளாதீர்கள்: இந்த வியாபாரம் நடந்தது ஏறக்குறைய 2,000 வருஷத்துக்கு முன்னால். கூஃபுவின் படகு அதற்கும் 2,500 வருஷம் மூத்தது. அந்தத் தையலை நம்மிடம் கற்றார்கள், நாம் அவர்களிடம் கற்றோம் என்றெல்லாம் யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். இரும்பு ஆணி கைக்கு எட்டாத, அல்லது ஆணி உதவாத இடங்களில் மனிதர்கள் கயிற்றை எடுத்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

படகின் கதையைத் தெரிந்துகொண்டு போங்கள்

இதைப் படிக்காமல் போனால் அங்கே உள்ள பலகை வாசகங்களைப் படிப்பதிலேயே பாதி நேரம் போய்விடும், ஆகவே சுருக்கமாக இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

1954 மே மாதம், பெரிய பிரமிடின் தெற்குப் பக்கம் மண்ணை அப்புறப்படுத்திக்கொண்டிருந்தபோது சுண்ணாம்புக்கல் பாளங்கள் வரிசையாகத் தெரிந்தன. கமால் எல் மல்லாக் என்பவர் அதில் ஒரு துளை போடச் செய்து பார்த்தார். முதலில் வந்தது வாசனை. சாம்பிராணி மாதிரி ஒரு வாசனை என்று பின்னால் சொன்னார். அப்புறம் ஒரு கண்ணாடியைப் பிடித்து வெயிலை உள்ளே திருப்பினார், வெளிச்சம் போய் விழுந்தது ஒரு துடுப்பின் நுனியில். பெரும்பாலும் பதினைந்து டன்னுக்குக் குறையாத பாளங்களைத் தூக்கிப் பார்த்தால் உள்ளே முழுப் படகு இல்லை, பிரித்து அடுக்கிய 1,224 துண்டுகள், 13 அடுக்காக. மூடிய கற்களில் கூஃபுவின் மகன் ஜெடெஃப்ரேயின் பெயர் இருந்தது. அப்பாவின் காரியத்தை மகன் செய்து முடித்திருக்கிறான் என்பது நமக்குச் சொல்லாமலே புரியும்.

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதற்கு அப்புறம்தான் வருகிறது. அந்தத் துண்டுகளைச் சேர்த்துப் படகாக்கும் வேலை அஹமத் யூசுஃப் முஸ்தஃபா என்ற பழுதுபார்ப்பு வல்லுநரிடம் வந்தது. சுவர், மரச்சாமான், நகை எல்லாம் சரி செய்தவர், ஆனால் படகு கட்டத் தெரியாது. அவர் என்ன செய்தார் தெரியுமா, நைல் கரையில் மரப்படகு கட்டும் இடங்களுக்குப் போய் உட்கார்ந்துவிட்டார். ஆசாரிகளைப் பார்த்துக் கற்றார், கல்லறைச் சுவர்களில் செதுக்கியிருந்த படகு கட்டும் காட்சிகளைப் பார்த்துக் கற்றார், சின்ன மாதிரிப் படகுகள் செய்து பார்த்தார். அதற்கு அப்புறம்தான் பழைய மரத்தில் கை வைத்தார். ஐந்து முறை சேர்த்துப் பிரித்து மறுபடி சேர்த்து, பத்து வருஷத்துக்கு மேல் உழைத்து, 1968-இல் படகை நிற்க வைத்தார். துண்டுகளில் பழைய தச்சர்கள் போட்ட குறிகள் இருந்தன, இது அணியத்தின் இடப்பக்கம், இது பின்பக்கத்தின் வலப்பக்கம் என்று நாலு பகுதிக்கும் தனித்தனி அடையாளம். அந்தக் குறிகள் அவருக்கு வழி காட்டின.

முதலில் துறைமுகத்துக்குப் போங்கள் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். அந்தப் படகுக்கு உயிர் கொடுத்தவரே படகுக் கரையில்தான் தொடங்கினார்.

1982-இல் குழி இருந்த இடத்திலேயே அதற்கு ஒரு கட்டடம் கட்டி வைத்தார்கள். 2021 ஆகஸ்டில் படகை அப்படியே இரும்புக் கூண்டுக்குள் வைத்து, பெல்ஜியத்திலிருந்து வரவழைத்த ரிமோட் வண்டியில் ஏற்றி, ஏறக்குறைய பத்து மணி நேரம் நகர்த்தி, பிரமிடுகளுக்குப் பக்கத்தில் எழுந்த புதிய கிராண்ட் எகிப்தியன் மியூசியத்துக்குக் கொண்டுபோனார்கள். அந்த மியூசியம் முழுமையாகத் திறந்தது 2025 நவம்பரில். பழைய புத்தகத்தையோ பழைய வீடியோவையோ நம்பி பிரமிடுக்குப் பின்னால் போய்ப் படகைத் தேடாதீர்கள், அந்தப் பழைய கட்டடத்தை எடுத்துவிட்டார்கள்.

பயணம், டிக்கெட், சாப்பாடு

இதைப் பற்றிச் சொல்லும் இடங்கள் நிறைய இருக்கின்றன, நான் முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். சென்னையிலிருந்து வளைகுடா நகரம் ஏதாவது ஒன்றில் மாறிப் போவது நம் பக்கத்து ஆட்களுக்கு வசதி. விசாவைக் கிளம்பும் முன்பே முடித்துக்கொள்ளுங்கள், விதிகள் அடிக்கடி மாறுவதால் எகிப்து தூதரகத்தின் தளத்தையே பாருங்கள், ஏஜென்ட் சொன்னதை மட்டும் நம்பாதீர்கள். எனக்கு ஒரு ஏஜென்ட் தேவையில்லாத ஒரு பேப்பருக்குப் பணம் வாங்கி, ஒரு வாரத்தையும் வீணாக்கினார். நவம்பர் முதல் பிப்ரவரி வரை வெயில் தாங்கும், மாலையில் குளிரும், பெரியவர்களுக்கு ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள். தங்குவதற்கு கெய்ரோ நடுநகரை விட கீசா பக்கம் நல்லது, மியூசியமும் பிரமிடும் அங்கேதான், கெய்ரோ டிராஃபிக்கில் காலை நேரத்தை இழக்க வேண்டியதில்லை.

டிக்கெட்டை மியூசியத்தின் சொந்தத் தளத்திலேயே நேரம் குறித்து வாங்குங்கள். நமக்கு வெளிநாட்டவர் கட்டணம். வாங்கும்போதே படகு அரங்கம் அதில் சேர்ந்திருக்கிறதா என்று ஒரு முறை படித்துவிடுங்கள், ஏனென்றால் படகுகளுக்கு என்று தனிக் கட்டடம், பிரதான கட்டடத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. காலையில் முதல் நேரத்தைப் பிடியுங்கள். ரமலான் மாதத்தில் திறக்கும் நேரங்கள் மாறும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

சைவக்காரர்கள் பயப்பட வேண்டாம். கோஷரி என்று ஒன்று எல்லா இடத்திலும் கிடைக்கும், சோறு, பருப்பு, மக்ரோனி, கொண்டைக்கடலை எல்லாம் சேர்த்து மேலே தக்காளிச் சாறும் பொரித்த வெங்காயமும் போட்டுத் தருவார்கள். மாமாவுக்கு அது பிடித்துப்போய் மூன்று நாள் மதியமும் அதுதான். கையில் ஊறுகாய் இருந்தால் இன்னும் நல்லது. குடிக்க பாட்டில் தண்ணீர் மட்டும்.

உள்ளே போனதும் எங்கே முதலில்

வாசலைத் தாண்டியதும் 83 டன் எடையில் இரண்டாம் ராம்செஸ் நிற்பார். அவரைப் பார்க்காமல் போக முடியாது, பாருங்கள், போட்டோ எடுங்கள். அதற்கப்புறம் எல்லாரும் பெரிய படிக்கட்டு வழியாக மேலே போவார்கள். நீங்கள் போக வேண்டாம். படகுக் கட்டடத்துக்கு வழி கேட்டு நேராக அங்கே போங்கள். காலையில் கால் புதிது, மனசு புதிது, கூட்டம் குறைவு. குறைந்தது இரண்டு மணி நேரம் அங்கே இருங்கள். தங்கமும் சிலையும் மதியத்துக்கு மேல் பார்த்துக்கொள்ளலாம், அவற்றைக் களைப்போடு பார்த்தாலும் ஓரளவு மனதில் நிற்கும். படகு அப்படி நிற்காது, அது கண்ணை உழைக்கச் சொல்லும்.

முதல் பத்து நிமிஷம் கிட்டப் போகாதீர்கள். தள்ளி நின்று முழு வடிவத்தையும் பாருங்கள். இரண்டு முனையும் உயர்ந்து எழும், முனைகளில் தண்டுகளைக் கட்டி வைத்த கட்டு மாதிரி ஒரு வேலைப்பாடு தெரியும். பாபிரஸ் கோரைத் தண்டைக் கட்டாகக் கட்டி மிதக்கவிட்டதுதான் அவர்களுடைய ஆதிகாலத் தோணி. மரத்தில் இவ்வளவு பெரிய படகு செய்யக் கற்ற பிறகும், மன்னனின் படகுக்கு அந்தக் கோரைத் தோணியின் உருவத்தையே கொடுத்திருக்கிறார்கள். கட்டுமரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். நமக்கும் முதலில் இருந்தது கட்டியதுதான்.

அப்புறம் நீளத்தை உடம்பால் உணருங்கள். ஒரு முனையிலிருந்து மறு முனை வரை சாதாரணமாக நடந்து அடி எண்ணுங்கள். நம் டவுன் பஸ் மூன்றரை சேர்ந்தால் வரும் நீளம், அகலம் ஆறு மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. மரம் லெபனான் மலையிலிருந்து வந்த சீடார், நம் இமயமலைத் தேவதாருவின் சொந்தக்கார மரம். நைல் கரையில் இவ்வளவு நீளப் பலகை கொடுக்கும் மரம் கிடையாது, கடல் வழியாகக் கொண்டுவந்திருக்கிறார்கள். ஒரே பலகையில் 20 மீட்டரைத் தாண்டியவை உண்டு. மாமா அந்தப் பலகை ஒன்றைப் பார்த்துவிட்டு ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம், "இத தூக்கவே எத்தன பேரும்மா வேணும்" என்றார்.

இப்போது அடிப்பக்கம். படகை வெவ்வேறு உயரத்திலிருந்து பார்க்கும்படி வழி அமைத்திருக்கிறார்கள், கீழிருந்து பார்க்கும் இடத்தை அவசரமாகக் கடக்காதீர்கள். ஏராவைத் தேடுங்கள். கிடைக்காது. தட்டையான அடி, தடித்த பலகைகள், ஒவ்வொன்றும் அரைச் சாணுக்குக் கொஞ்சம் கூடுதலான கனம். மாமா லாஞ்சு கட்டும்போது ஏரா போட்டு, வங்கு நிறுத்தி, கடைசியில்தான் பலகை அடிப்பார். இவர்கள் பலகைகளை ஒன்றோடொன்று சேர்த்துப் படகின் வெளிக்கூட்டை முதலில் செய்துவிட்டு, அப்புறம்தான் உள்ளே வங்கைப் பொருத்தியிருக்கிறார்கள். இரண்டு பலகையின் விளிம்பில் எதிரெதிரே பள்ளம் எடுத்து நடுவில் மரத்துண்டைச் செருகியிருப்பார்கள், கதவு செய்கிற ஆசாரி யாரைக் கேட்டாலும் அந்த வேலையைச் சொல்வார். பலகை நகராமல் பிடிப்பது அந்தச் செருகல். படகைப் பிரியாமல் பிடிப்பது கயிறு.

சரி, கயிறு எங்கே? வெளிப்பக்கம் எவ்வளவு தேடினாலும் தையல் தெரியாது. நானும் மாமாவும் முதலில் இங்கேதான் முழித்தோம். நம் மசூலாவில் துளை பலகையைக் குத்திக்கொண்டு வெளியே வரும், தையல் வெளியிலும் தெரியும். இவர்கள் அப்படிச் செய்யவில்லை. பலகையின் உள்முகத்தில் ஒரு துளை போட்டு, அது கனத்துக்குள்ளேயே திரும்பி மறுபடி உள்முகத்திலேயே வெளியே வரும்படி குடைந்திருக்கிறார்கள், நம் 'V' வடிவத்தை விரலால் காட்டுவோமே, அந்த மாதிரி. தண்ணீர் படுகிற பக்கத்தில் ஒரு துளை கூடக் கிடையாது. அந்தத் துளைகள் வழியாக ஹல்ஃபா என்ற புல்லில் திரித்த கயிறு, படகின் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்பு வரை குறுக்காக ஓடும். பலகை சேரும் இடங்களில் உள்பக்கம் மேலே நீளச் சட்டம் ஒன்றை வைத்து, அதையும் சேர்த்து அழுத்திக் கட்டியிருப்பார்கள். நம் ஆட்கள் நாரும் வைக்கோலும் திணித்த இடம் அது.

உள்பக்கம் முழுவதும் நேரில் தெரியாது, மேல்தளமும் அறையும் மறைக்கும். அதனால் அரங்கத்தில் உள்ள படங்களையும் விளக்கங்களையும் இந்த ஒரு விஷயத்துக்காகப் பொறுமையாகப் பாருங்கள், அதற்கப்புறம் மறுபடி படகுக்குப் போங்கள். இப்போது படகில் இருக்கும் கயிறு புதிது, மரம்தான் பெரும்பகுதி பழையது. குழியிலிருந்து பழைய கயிறும் கிடைத்தது.

மாமா கேட்ட கேள்வி, "கலப்பத்து இல்லாம தண்ணி எப்படி உள்ள வராம இருக்கும்?" நீங்கள் யாரோடு போனாலும் இந்தக் கேள்வியைக் கேட்க வையுங்கள். பதில் அழகானது. தண்ணீரில் இறங்கியதும் மரம் ஊறி உப்பும், கயிறு நனைந்து சுருங்கும். ஒன்று வெளியே தள்ள, ஒன்று உள்ளே இழுக்க, இடுக்குகள் இறுகிப்போகும். இதைச் சொன்னதும் மாமா தலையை ஆட்டினார், ஊரில் வெயிலில் காய்ந்து வாய் பிளந்த படகைத் தண்ணீரில் ஒரு நாள் போட்டு வைத்தால் சேர்ந்துகொள்வதை அவர் எத்தனையோ முறை பார்த்திருக்கிறார்.

துடுப்புகளை எண்ணுங்கள். முன்பக்கம் ஐந்து ஜோடி, பின்னால் திருப்புவதற்கு ஒரு ஜோடி, மொத்தம் பன்னிரண்டு. ஒவ்வொன்றும் ஆறரை மீட்டருக்குக் குறையாது. இவ்வளவு பெரிய படகைப் பத்துத் துடுப்பு தள்ளுமா என்று யோசியுங்கள். ஆராய்ச்சியாளர்களும் அதைத்தான் கேட்கிறார்கள், வேறு படகுகள் கட்டி இழுத்திருக்கலாம் என்கிறவர்கள் உண்டு. இந்தப் படகு ஒரு முறையாவது தண்ணீரில் இறங்கியதா என்பதிலேயே இரண்டு கட்சி. மன்னனின் உடலை நைல் வழியாகக் கீசாவுக்குக் கொண்டுவந்த படகு என்று ஒரு கட்சி. இறந்த மன்னன் சூரியனோடு வானத்தில் போவதற்காகவே செய்து புதைத்தது என்று இன்னொரு கட்சி. மாமா எந்தக் கட்சியிலும் சேரவில்லை. ஆனால் நடுவில் இருக்கும் நீளமான அறையைப் பார்த்ததும், ஒன்பது மீட்டர் இருக்கும், ஜன்னல் இல்லாமல் மூடிக் கிடக்கும், கையைக் கூப்பிக் கொஞ்ச நேரம் நின்றார். சாவு வீட்டுச் சாமான், அது யார் வீடானால் என்ன என்றார். நானும் அப்போதுதான் போனைப் பைக்குள் வைத்தேன்.

பிள்ளைகளுக்கும் பெரியவர்களுக்கும் எப்படிச் சொல்வது

படகை ஏன் புதைத்தார்கள் என்று பிள்ளைகள் கட்டாயம் கேட்பார்கள். நீளமாக எகிப்திய தெய்வப் பெயர்களை அடுக்காதீர்கள். நம் சூரியன் ஏழு குதிரை பூட்டிய தேரில் வருவான், அவர்கள் சூரியன் படகில் வருவான் என்று தொடங்குங்கள். அவர்களுக்கு ஊர்விட்டு ஊர் போகும் சாலையே நைல் நதிதான், ஆகவே வானத்திலும் படகுதான் ஓடும். பகலுக்கு ஒரு படகு, இரவுக்கு ஒரு படகு. இரவில் பன்னிரண்டு மணி நேரம் பாதாளத்தின் வழியே போய்க் காலையில் மறுபடி பிறப்பான். செத்துப்போன மன்னன் அவனோடு ஏறிக்கொள்ள வேண்டும். பெரியவர்களிடம் வைதரணி நதியைச் சொல்லுங்கள், ஆற்றைக் கடந்துதான் அந்தப் பக்கம் போக வேண்டும் என்ற நினைப்பு நமக்கும் இருக்கிறது, நாம் பசுவைத் தானம் கொடுத்தோம், அவர்கள் படகைக் கொடுத்தார்கள். இரண்டும் ஒன்று என்று சொல்லவில்லை, புரிய வைக்க ஒரு கைப்பிடி வேண்டுமே.

பிள்ளைகள் கையில் ஒரு நோட்டும் பென்சிலும் கொடுத்து அணியத்தை மட்டும் வரையச் சொல்லுங்கள். அரை மணி நேரம் அமைதியாக இருப்பார்கள், வரைந்ததை மறக்கவும் மாட்டார்கள். போட்டோ எடுக்கிறவர்கள் ஃபிளாஷை அணைத்துவிடுங்கள்.

இரண்டாவது படகையும் விடாதீர்கள்

1954-இலேயே பக்கத்தில் இன்னொரு குழி இருப்பது தெரியும், ஆனால் திறக்கவில்லை. 1987-இல் சின்னத் துளை வழியே கேமராவை விட்டுப் பார்த்தார்கள், இன்னொரு படகு. ஈரமும் பூச்சியும் உள்ளே புகுந்து மரம் மோசமாக இருந்தது. ஜப்பானின் வசேதா பல்கலைக்கழகத்து சகுஜி யோஷிமுராவின் குழு எகிப்தியர்களோடு சேர்ந்து, ஒவ்வொரு துண்டாக வலுப்படுத்தி வெளியே எடுத்தது, 1,600-க்கும் மேல் துண்டுகள். 2025 டிசம்பரில் அதைப் பார்வையாளர்கள் கண் முன்னாலேயே சேர்க்கத் தொடங்கினார்கள். முதல் படகு முடிந்த வேலை, இது நடந்துகொண்டிருக்கும் வேலை. சேர்த்து முடித்த பிறகு தெரியாமல் போகிற பலகையின் உள்முகமும் துளைகளும் இப்போது வெறும் கண்ணுக்குக் கிடைக்கலாம். மாமா முதல் படகை விட்டாலும் விடுவார், இதை விட்டு நகர மாட்டேன் என்று நின்றுவிட்டார். அவருக்கு உட்கார இடம் தேடிக் கொடுத்துவிட்டு நான் மட்டும் டூட்டன்காமனைப் பார்க்கப் போனேன். அங்கேயும் படகு உண்டு, டூட்டன்காமன் கல்லறையிலிருந்து வந்த மாதிரிப் படகுகள் மட்டும் 35. பெரிய படகைப் பார்த்த கண்ணோடு அந்தச் சின்னப் படகுகளைப் பாருங்கள், சுக்கானும் அறையும் எங்கே வைத்திருக்கிறார்கள் என்று தெரியும்.

கெய்ரோ போக முடியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. பிள்ளைகள் அமெரிக்காவில் இருந்து நீங்கள் போய் வருவதாக இருந்தால், பிட்ஸ்பர்க் கார்னெகி அருங்காட்சியகத்திலும் சிகாகோ ஃபீல்ட் மியூசியத்திலும் ஒவ்வொரு படகு இருக்கிறது. மூன்றாம் செனுஸ்ரெட் மன்னனின் பிரமிடுக்குப் பக்கத்தில், தஹ்ஷூரில், 1894-இல் தோண்டி எடுத்தவை. கூஃபுவை விட 600, 700 வருஷம் இளையவை, நீளம் பத்து மீட்டர் அளவுதான், நம் ஃபைபர் படகு மாதிரி. சின்னதாக இருப்பதால் ஒரே பார்வையில் முழுப் படகும் கண்ணுக்குள் வந்துவிடும் என்பது அதில் உள்ள வசதி. அங்கிருந்து வந்த வேறு இரண்டு படகுகள் கெய்ரோவிலேயே தங்கின.

மறுநாள் பிரமிடுக்குப் போவீர்கள் அல்லவா, அப்போது பெரிய பிரமிடின் கிழக்குப் பக்கம் நடந்து பாருங்கள். பாறையில் படகு வடிவத்திலேயே வெட்டிய பெரிய குழிகள் திறந்து கிடக்கும். அவற்றில் படகு இல்லை, வெறும் குழிதான், அதனால் அங்கே கூட்டமும் இருக்காது. விளிம்பில் தடுப்பு இருந்தால் தாண்டாதீர்கள், மணல் வழுக்கும். அந்தக் குழியின் நீளத்தையும் அடி எண்ணி நடந்து, முந்தின நாள் மியூசியத்தில் எண்ணிய கணக்கோடு சேர்த்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மாமா எழுதி வந்த கணக்கு இப்போது முதுநகரில் ஒரு டீக்கடையில் சுற்றிக்கொண்டிருக்கிறது. அங்கே இரண்டு ஆசாரிகள் கயிறு கோத்த அந்த 'V' துளையை மரக்கட்டையில் குடைந்து பார்த்துவிட்டார்கள், உளியை எந்தச் சாய்வில் பிடித்தால் உள்ளே திரும்பும் என்பதில் இன்னும் பேச்சு ஓடுகிறது. அடுத்து யார் போனாலும் துளையின் வாயை நன்றாகப் பார்த்து, இரண்டு வாய்க்கும் நடுவில் எத்தனை விரற்கடை இருக்கிறது என்று சொல்லும்படி கேட்டிருக்கிறார்கள்.